போனை மட்டும் வச்சுறாதீங்க

மின்னல் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரியும் உப்பும் போட்டு மூடியிருந்தாலும் மதுரை வெயிலுக்கு உள்மண் காய்ந்துவிடும். காய்ந்தால், இடி இடிக்கிற மாதங்களில் சர்வரில் லைன் சொருகும் டெலிபோன் கார்டு போய்விடும். கார்டு போனால் சர்வர் ஊமை. நான் அங்கே வேலையில் இருந்தவரை ஒரு கார்டுகூடப் போனதில்லை. நான் வெளியே வந்த பிறகு இரண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என் இடத்துக்கு வந்த ராஜகுருவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். குடம் தூக்குவது இன்ஜினியர் வேலை இல்லை என்று நினைத்திருப்பான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். ஏட்டையா சிவனாண்டி தான் எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். இதில் நேரம் முக்கியம். ஒன்று பன்னிரண்டு என்றால் ஒன்று பன்னிரண்டுதான். அவர் ஒன்றேகால் என்று எழுதிவிடுவார்.

என் பெயர் பாண்டிராஜ். அப்பா பெயர் சங்கிலி. சொந்த ஊர் திருவாதவூர். வயது இருபத்தைந்து. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தோடு நின்றவன். கடைசியாகப் பார்த்த வேலை, ஹரிராமின் அவசர அழைப்பு மையத்தில் சர்வர் பராமரிப்பு.

அந்த மையம் என்ன செய்தது என்று கோர்ட்டில் கேட்பார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஒன்பது சிறிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரே நம்பர் வைத்துக்கொண்டன. ஆட்டோ முதுகில், டீக்கடைச் சுவரில், ரேஷன் கடை வாசலில் அந்த நம்பரை ஒட்டினோம். அதில் கூப்பிட்டால் பைபாஸ் ரோட்டு மாடியில் இருக்கும் எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் அதை அங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தரும். அவர் ஊரைக் கேட்டு, பக்கத்தில் எந்த ஆம்புலன்ஸ் வேன் நிற்கிறதோ அதன் டிரைவருக்கு இணைப்பார். அவ்வளவுதான் வேலை.

அந்த சர்வரைக் கட்டியது நான். டவுன்ஹால் ரோட்டில் உதிரி வாங்கி நானே கூட்டிய கம்ப்யூட்டர். உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் மேல் இலவசமாகக் கிடைக்கும் டெலிபோன் மென்பொருள். அதற்கு ஒரு வெப் பக்கம் உண்டு. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம். யாராவது பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு, சும்மா இருந்தால் பச்சை. மூன்று வருடம் நைட் ஷிப்டில் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் நிறைகிறதா, லைன் விழுகிறதா, பேச்சில் எதிரொலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா அழைப்பும் பதிவாகும். அதில் தினமும் பத்தைக் கேட்டு, குரல் தெளிவாக இருக்கிறதா என்று நோட்டில் குறிப்பேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த வழக்கம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன்.

ஹரிராமும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். அவன் வீடு மகால் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் தறி இல்லை, அப்பா ஜவுளி மொத்த வியாபாரம். சனிக்கிழமை சாயங்காலம் போனால் அவன் அம்மா ரங்கநாயகி முள்முருங்கை வடை போட்டுத் தருவார். நான் ஏழெட்டு சாப்பிடுவேன். அவர்கள் தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழுக்கு மாறுவார்கள், மரியாதைக்காக. மூன்று வருடம் ஒரு மொழியை வடையோடு சேர்த்துக் கேட்டால் யாருக்கும் புரிந்துவிடும். புரிகிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் வருடம் கல்லூரி லேபில் இதே மென்பொருளை முதன்முதலாகப் போட்டோம். கல்லூரி டெலிபோன் லைனை அதில் சொருகி, ஹரிராம் துபாயில் இருக்கும் அவன் மாமா மகனோடு ஒரு மாதம் பேசினான். பில் வந்ததும் விசாரணை வைத்தார்கள். அன்றைக்கு ஹரிராம் ஹாஸ்டலுக்கு வந்தான்.

"மாப்ள, நீ ஏத்துக்கடா. எங்கப்பாவுக்கு அட்டாக் வந்து பத்து நாள்கூட ஆகல. நான்னு தெரிஞ்சா ஆளு போயிருவாரு."

"எங்கப்பனுக்கும் நெஞ்சு இருக்குடா."

"உங்கப்பா தாங்குவாரு மாப்ள. மம்பட்டி பிடிச்ச உடம்பு."

அப்பா தாங்குவார் என்பது உண்மைதான். ஹரிராம் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். அவன் படிப்பை முடித்துக் கம்பெனி வைப்பான், அதில் பாதி என்னுடையது. அதுவரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் பொறுப்பதாகச் சொன்னேன். மறுநாள் துறைத் தலைவர் அறையில் நான்தான் செய்தேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு வாரம் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். பிறகு, "வேலைக்காச்சும் போவியா?" என்று கேட்டார்.

இது 2003-இல். மறுவருடம் ஹரிராம் மையத்தைத் தொடங்கினான். சொன்னபடி என்னைக் கூப்பிட்டான். சர்வரை நான் கட்டினேன். பத்திரத்தில் பெயர் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "கொஞ்சம் பொறு மாப்ள" என்றான். எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஒருநாள், குரல் சோதனைக்காக எடுத்த பத்து அழைப்புகளில் ஒன்று ஹரிராமின் மேசைப் போனிலிருந்து அவன் வீட்டுக்குப் போனது. அலுவலகத்தில் எந்தப் போனில் பேசினாலும் பதிவாகும் என்று அவனுக்குத் தெரியும். நான் கேட்பேன் என்றும் தெரியும். வீட்டு மொழியில் பேசினால் போதும் என்று நினைத்துவிட்டான். எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் நான் வெறும் வாயை மட்டும் கொண்டுபோய் உட்காருகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவன் அம்மா கேட்டார், அந்தப் பையன் பேரைப் பத்திரத்தில் எப்போது சேர்க்கப்போகிறாய் என்று. டிகிரி இல்லாதவன் பேரை எப்படிச் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்பார்கள் என்றான். பாவம், உனக்காகத்தானே படிப்பை விட்டான் என்றார் அம்மா. ஹரிராம் சிரித்தான். துறைத் தலைவரிடம் அவன் பெயரை முதல்நாளே நான் சொல்லிவிட்டேன் அம்மா, அவன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போயிருப்பான் என்றான். இதை அவனிடம் சொல்லித் தொலைக்காதே என்றார் அம்மா. அந்தச் சனிக்கிழமையும் வடை கொடுத்து அனுப்பினார்.

குரல் தெளிவாக இருந்தது. நோட்டில் அப்படியே எழுதினேன். நோட்டு உங்களிடம் இருக்கிறது, பார்க்கலாம்.

நான் அன்றைக்கு அவனை அடித்திருக்க வேண்டும் என்று ஏட்டையா சொல்கிறார். அடித்தால் பத்து நாளில் ஆறிவிடும். நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைகாசியில் ஹரிராம் ராஜகுருவைக் கூட்டிவந்தான். பி.இ. முடித்தவன், அவர்கள் சொந்தம். நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அண்ணே, இந்தச் செவப்பு வந்தா என்ன அர்த்தம்?"

"யாரோ பேசுறாங்கன்னு அர்த்தம்."

"பச்சைன்னா?"

"யாரும் பேசலன்னு அர்த்தம்."

"இதுக்காண்ணே நாலு வருசம் படிச்சேன்?"

"நான் மூணு வருசத்துலயே கத்துக்கிட்டேன்."

நல்ல பையன்தான். அவனை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் பாதிப் பட்டன் எதற்கென்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆடி கடைசியில் ஹரிராம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்காரங்க டிகிரி கேக்குறாங்க மாப்ள, கொஞ்ச நாளு வெளிய இரு, கூப்பிடுறேன்" என்றான். சரி என்றேன். ராஜகுரு ஒரு தாளில் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினான். சாவி, அடையாள அட்டை, சிம் கார்டு, ஹெட்போன். ஹெட்போன் ஒயர் பிய்ந்திருப்பதையும் எழுதினான். பாஸ்வேர்டை யாரும் கேட்கவில்லை. அது எங்கள் இரண்டு பேரின் கல்லூரி ரோல் நம்பரைச் சேர்த்து எழுதியது, ஹரிராம் வைத்தது. ராஜகுரு அதை மாற்றலாமா என்று கேட்டதற்கு ஹரிராம், "அது கெடக்கட்டும், அது எங்க ரெண்டு பேரு நம்பரு" என்றானாம். ராஜகுருவின் வாக்குமூலத்தில் அந்த வரியை நீங்கள் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினீர்கள். பாசம் என்று நினைக்கிறீர்கள். சோம்பல், ஐயா.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆஸ்பத்திரிகளோடு ஹரிராம் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஒரே ஒரு அழைப்பு பத்து நிமிடம் எடுக்கப்படாமல் கிடந்தாலும் ஒப்பந்தம் ரத்து. அதை அவன் எல்லா இடத்திலும் பெருமையாகச் சொல்வான். என் சர்வர் மேல் இருந்த நம்பிக்கையில் போட்ட விதி அது. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஒரு அழைப்பு, பத்து நிமிடம். அதற்கு மேல் யாருக்கும் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருட அறிக்கைகளை நான்தான் எடுத்தவன். எந்த நேரத்தில் அழைப்பு குறைவு என்று தெரியும். ஞாயிறு மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் சராசரியாக இரண்டு அழைப்புகூட வராது. வருவதும் டாக்டர் இருக்காரா, பல்லு டாக்டர் எப்ப வருவாரு என்கிற மாதிரிதான் இருக்கும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம்.

அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதை நான் பார்க்கவில்லை. அறிக்கையில் முகூர்த்தம் என்று ஒரு கட்டம் கிடையாது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் என் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்று ஐந்துக்குப் பக்கத்தைத் திறந்தேன். வரும் அழைப்புகளை அந்தப் பெண்களுக்குத் தராமல், யாருமே இல்லாத ஒரு வரிசையில் நிறுத்தும்படி விதி எழுதினேன். ராஜகுரு பார்க்கும் பக்கத்தில் அந்த வரிசை தெரியாது. அவனுக்கு எல்லாமே பச்சையாக இருக்கும். அழைப்புகளை மேலாளர் ஒட்டுக்கேட்கும் வசதி ஒன்று உண்டு. அதையும் அங்கிருந்த ஹெட்போனுக்குத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒரு டீ சொன்னேன்.

காத்திருப்பவர்களுக்கு என்ன கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் அங்கே ஒரு மெட்ராஸ் அம்மாளின் குரல் இருந்தது. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று சுத்தத் தமிழில் சொல்லும். நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டதும், மிஷின் பேசுகிறது, நம்பர் தப்பு என்று வைத்துவிடுவார்கள். பத்தில் நாலு பேர் வைத்துவிட்டார்கள். மாரடைப்பு வந்தவர் வீட்டில்கூட வைத்துவிட்டார்கள். நான் யோசித்து, பீரோவுக்குள் தலையைவிட்டுப் போர்வையால் மூடிக்கொண்டு என் குரலில் பதிவு செய்தேன். "ஆங், கேக்குது, சொல்லுங்க." பிறகு அரை நிமிடம் சும்மா விட்டேன். "சரி சரி. லைன்லயே இருங்க. இந்தா வந்துட்டேன். போனை மட்டும் வச்சுறாதீங்க." லைன்லயே இருங்க என்றதும் மூன்று நான்கு நொடி இடைவெளி விட்டிருந்தேன். மறுபடி முதலிலிருந்து.

ஹரிராம் கேட்டுவிட்டு, "என்ன மாப்ள, டீக்கடையில நிக்கிற மாதிரி பேசியிருக்க" என்று சிரித்தான். ஆனால் அந்த மாதத்திலிருந்து யாரும் வைக்கவில்லை. அடுத்த நிமிடத்தில் ஒரு பெண் எடுத்துவிடுவார் என்பதால் அதில் தப்பு எதுவும் இல்லை. எத்தனையோ பேர் அந்தக் குரலால் பிழைத்திருக்கிறார்கள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்று பன்னிரண்டுக்கு அழைப்பு வந்தது. செல் நம்பர். ஒரு பெண்.

"ஆங், கேக்குது, சொல்லுங்க" என்றது என் குரல்.

"அண்ணே, திருவாதவூருண்ணே. எம்பேரு பாண்டிமீனா. எட்டு மாசம்ணே. ரத்தமாப் போகுது."

"சரி சரி. லைன்லயே இருங்க. இந்தா வந்துட்டேன். போனை மட்டும் வச்சுறாதீங்க."

"சரிண்ணே."

இதுதான் நடந்தது. அவள் பதில் சொன்னாள். என் குரல் ஒவ்வொரு முறை கேட்டபோதும் அவள் பதில் சொன்னாள்.

எங்கள் ஊர்தான், ஆனால் அவளை எனக்குத் தெரியாது. கட்டிவந்தவள். புருஷன் பெயர் முத்துக்கருப்பன் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் எல்லாரும் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே கல்யாணம். அவளே சொன்னாள். இரண்டாம் முறை என் குரல் சொல்லுங்க என்றதும் அவள், தன்னிடம் வழி கேட்பதாக நினைத்துக்கொண்டு, விவரமாகச் சொன்னாள்.

"பெரிய கம்மா ரோட்ல வராதீகண்ணே, பாலத்துல வேலை நடக்குது. ஒத்தக்கடையில இருந்து இங்குட்டு வந்தீகன்னா தண்ணி டேங்கு. அதுக்கு அடுத்த வீடு. கதவு தெறந்துதேன் கெடக்கு."

"சரி சரி. லைன்லயே இருங்க."

"இருக்கேண்ணே. எம்புட்டு நேரமாகும்ணே?"

"இந்தா வந்துட்டேன்."

பிரவுசிங் சென்டரில் சத்தம் அதிகம். பக்கத்தில் ஒரு பையன் ரிசல்ட் பார்த்துக்கொண்டு, "மார்க்க ஒழுங்கா வாசிடா" என்று கூட வந்தவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நான் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

ஒன்று பதினெட்டுக்கு இன்னொரு அழைப்பு. வயசான ஆள். எலும்பு டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார், இருமினார், ஐம்பது நொடியில், "என்ன எழவுடா, சொன்னதையே சொல்றான்" என்று வைத்துவிட்டார். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், அவருக்கும் அதே பதிவுதான் கேட்டது. யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை. அவளும் வைத்திருக்கலாம். வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் அங்கிருந்து யாரையாவது அனுப்பியிருப்பான். அவளிடம் இருந்தது ஒரே செல். ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும். அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு தானே நிறுத்திக்கொண்டு, "அழுகலண்ணே, நீங்க ஓட்டுங்க" என்றாள். வேனை நான் ஓட்டிக்கொண்டு வருவதாக நினைத்திருக்கிறாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். நாலரை மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து திரும்பியவர்கள் பார்த்தார்கள். இரண்டு உயிர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒப்பந்தம் மறுநாளே ரத்தானது. ஹரிராமின் மையம் மூடப்பட்டது. ராஜகுரு டூட்டியில் இருந்தவன் என்பதால் அவனைப் பிடித்தீர்கள். பதிவேட்டில் என் பெயர் இருந்தும் பிரவுசிங் சென்டர் பக்கம் நீங்கள் வரவே இல்லை. மூன்று மாதம் நான் திருவாதவூரில்தான் இருந்தேன். தண்ணீர் டேங்கைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போவேன். முத்துக்கருப்பனையும் பார்த்திருக்கிறேன். வெளியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள், "என்ன தம்பி, நீ அந்த ஆபீசுலதான இருந்த?" என்று கேட்டான். நான் ஆடியோடு நின்றுவிட்டேன் அண்ணே என்றேன். "நீ இருந்திருந்தா எடுத்திருப்ப" என்றான்.

எதற்கு நானாக வந்து நிற்கிறேன் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். மனசாட்சி என்று ஏட்டையா எழுதப் பார்த்தார். அதை அடித்துவிடச் சொன்னேன். போன வாரம் மாலைப் பேப்பரில் ஹரிராம் சொன்னது வந்திருந்தது. பழைய ஊழியர் யாராவது செய்திருக்கலாமா என்று கேட்டதற்கு, "பாண்டிராஜ் செஞ்சிருக்க மாட்டான். அவனுக்கு அம்புட்டு வேலை தெரியாது. ராத்திரி முழிச்சிருக்கப் போட்ட பையன்" என்று சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த மையத்தில் ஒவ்வொரு ஒயரையும் நான் சொருகினேன். சர்வரில் எழுதிய அந்த விதியை அவனாலும் எழுத முடியாது, ராஜகுருவாலும் முடியாது. அவன் என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். இதையும் எடுத்துக்கொள்ள விட முடியாது.

நீங்கள் மூன்று தரம் கேட்டும் நான் பதில் சொல்லாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பத்து நிமிடம் போதுமென்றால் மீதி நேரம் எதற்கு?

ஒன்று இருபத்திரண்டுக்கு நான் கையை மவுஸில் வைத்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விதியை நீக்க இரண்டு கிளிக். நீக்கியிருந்தால் ஒரு பெண் எடுத்திருப்பார். ஒத்தக்கடை வேன் பதினெட்டு நிமிடத்தில் அந்த வாசலுக்குப் போயிருக்கும். அந்த ரோடு எனக்குத் தெரியும். நேரம் இருந்தது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். அப்போது என் குரல், இந்தா வந்துட்டேன் என்றது. அவள், "பரவாயில்லண்ணே, மெதுவா வாங்க, நா இருக்கேன்" என்றாள்.

எனக்கு அது விளங்கவில்லை. நான் நாலு வருடம் பொறுத்திருந்தேன் என்றால், என்னை மாப்ள என்று கூப்பிட்டார்கள், உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முகம் தெரியாத ஒருவன் சொல்கிற நாலு வார்த்தை. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருக்க முடியும்? எந்த நிமிடத்தில் தெரியும், தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று? அந்த நிமிடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. எனக்கு அது தெரிய நாலு வருடம் ஆனது. அவள் வைத்த மறு நொடி விதியை நீக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் வைக்கவில்லை. ஒன்று முப்பத்தொன்றுக்குக் கடைசியாக, "அண்ணே" என்றாள். என் குரல், கேக்குது சொல்லுங்க என்றது. அதற்குப் பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன்.

அறிக்கையில் அழைப்பை முடித்தவர் என்ற கட்டத்தில் நிர்வாகி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அது நான். பேச்சே இல்லாத இணைப்பைத் திறந்து போட்டிருந்தால் ஒரு லைன் வீண். ஒன்று முப்பத்தாறுக்கு அதைத் துண்டித்தேன், விதியை நீக்கினேன், எல்லாம் முன்போல இருக்கிறதா என்று ஒரு தரம் சரிபார்த்தேன். ஒன்று நாற்பத்து நான்குக்கு அடுத்த அழைப்பு வந்தது. நான்கு நொடியில் எடுத்தார்கள். அதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.